நாலு மூட்டைத் தொட்டிக்கரி

செப்டம்பர் 19, செவ்வாய்

ஃபிலோமினா மேடத்தின் உத்தரவுப்படி இந்த நோட்டைத் தொடங்குகிறேன். அவர் என் ஆய்வு வழிகாட்டி. "வேலு, நீங்க கள நோட்டுல நம்பரை மட்டும் எழுதறீங்க. கண்ணுல பட்டதை எழுதறதே இல்லை. இந்த சீசனாவது எழுதுங்க" என்றார். எழுதிவிட்டால் போகிறது. பகலில் மண் பரிசோதனை நிலையத்தில் ஊரார் மண்ணைச் சலிக்கிறேன், மாலையில் என் மண்ணைச் சலிக்கிறேன், வீட்டுக்குப் போனால் மனைவி கோகிலா என்னைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறாள். நடுவில் ஒரு நோட்டுக்கு இடமில்லாமலா போய்விடும்.

விஷயம் இதுதான். பல்லடம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடா மாதிரி பொங்கும். விவசாயி மணிச்சத்து உரம், அதாவது பாஸ்பரஸ், வாங்கிப் போடுவார். சுண்ணாம்பு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. மண்ணுக்குள் சத்து இருக்கும், மேலே பயிர் பட்டினி கிடக்கும். கரித்தூளைக் கலந்தால் அந்தப் பிடி தளரும் என்பது என் வாதம். போன இரண்டு பருவமும் மக்காச்சோளம் என் வாதத்தை ஏற்கவில்லை. கரி போட்ட பாத்தி போடாத பாத்தியைவிட ஒரு படி மோசம். "மண்ணும் காரம், கரியும் காரம், அப்புறம் எப்படி?" என்று மேடம் முதல் வருடமே கேட்டார். நான் பெரிய இவன் மாதிரி பதில் சொன்னேன்.

இது மூன்றாவது பருவம். கடைசியும் இதுதான். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பகுதிநேர முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆறு வருடம் பிப்ரவரி 29-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போகவில்லை என்றால் பதிவு ரத்து. ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் காலி.

காங்கயம் ரோட்டுச் சூளையிலிருந்து நாலு மூட்டை தொட்டிக்கரித்தூள் ஏற்றிக்கொண்டு கல்லம்பாளையம் போனேன். தேங்காய்ச் சிரட்டையைத்தான் இங்கே தொட்டி என்பார்கள், அதைச் சுட்டு எடுக்கிற கரி. சலித்து மிஞ்சும் தூள் போதும் எனக்கு. மூட்டைக்கு முப்பது கிலோ. நிலம் சின்னச்சாமி அண்ணனுடையது. அவர் பேசமாட்டார், தலையாட்டுவார். பேச்சுக்கெல்லாம் அவர் மனைவி மயிலாத்தா அக்கா பொறுப்பு. மூட்டைகளை அவர்கள் தோட்டத்து வீடான சாளையில் இறக்கினேன்.

"ஏனுங் சார், மழை வாராப்ல இருக்குது. இது நனைஞ்சா கெட்டுப் போயிருமுங்களா?"

"கரியில கெடறதுக்கு என்னங்க்கா இருக்கு?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, புதன்

மழை.

செப்டம்பர் 23, சனி

மழை. ஊரே மழை வந்துவிட்டது என்று குளிர்ந்து போயிருக்கிறது. எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. விதைப்பு தள்ளிப் போனால் அறுவடை தள்ளும், அறுவடை தள்ளினால் ஆய்வேடு தள்ளும். பிப்ரவரி 29 மட்டும் தள்ளாது.

மயிலாத்தா அக்காவுக்குப் போன் போட்டேன். "வயலு இருக்கட்டுங்க, பட்டியப் பாத்தீங்கன்னா அழுதுருவீங்க. ஆடு நிக்கறக்கு எடமில்ல, ஒரே சேறு" என்று பத்து நிமிடம் ஆட்டுக் கதை. எனக்கு வந்த கஷ்டத்தில் ஆட்டுக் கதை கேட்க எங்கே நேரம். ஊம் கொட்டிவிட்டு வைத்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஒருவழியாக வெயில். நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டு இன்று காலை போனேன். மயிலாத்தா அக்கா மூட்டைகளைச் சாளை வாசலில் வரிசையாக அடுக்கி வைத்து, பக்கத்தில் தராசோடு நின்றார்.

"எடை போட்டுப் பாத்துருங்க சார். பொறகு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"எதுக்குங்க்கா? நான் வெச்சதுதானே."

"இல்லீங், போடுங்க."

போட்டேன். நாலும் முப்பது. அவர் முகத்தில் பரீட்சையில் தேறிய மாதிரி ஒரு நிம்மதி. இந்த ஊரில் எதற்கெல்லாம் சடங்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் கேட்டபடி கண்ணில் பட்டதையும் எழுதிவிடுகிறேன். கரி ஈரமாக, கட்டி கட்டியாக இருந்தது. ஒரு வாடை. சாளையில் எலி இருக்கும். நான் பச்சை நைலான் கயிற்றால் கட்டியதாக ஞாபகம். இன்று தேங்காய் நார்க்கயிறு. என் ஞாபகத்தைப் பற்றி கோகிலாவிடம் கேட்டால் தெரியும்.

பன்னிரண்டு பாத்தி. மூன்றில் ஒன்றுமே இல்லை, மூன்றில் மணிச்சத்து உரம், மூன்றில் கரி, மூன்றில் இரண்டும். கரிப் பாத்தி ஒன்றுக்குப் பத்தொன்பது கிலோ. மிச்சத்தை ஒரு பையில் கட்டி வண்டி டிக்கியில் போட்டேன். நாளை விதைப்பு. இடுப்பு போய்விட்டது.

அக்டோபர் 30, திங்கள்

நம்ப மாட்டேன்.

கரி இல்லாத பாத்திகளில் இலை ஓரம் கத்தரிப்பூ நிறம் ஏறியிருக்கிறது. மணிச்சத்து கிடைக்காத மக்காச்சோளத்தின் வழக்கமான அழுகை அது. இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய முகம். ஆனால் கரி போட்ட ஆறு பாத்தியும் கரும்பச்சை. ஆறும். ஒன்றுகூடப் பிசகவில்லை. மற்றதைவிட ஒரு சாண் உயரம்.

சின்னச்சாமி அண்ணன் வரப்பில் நின்று தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும்தான் தலையாட்டுவார் என்றாலும் இன்று அது இனித்தது.

நவம்பர் 8, புதன்

கரிப் பாத்தி மண்ணில் வேருக்குக் கிடைக்கிற மணிச்சத்து, வெறும் பாத்தியைப்போல மூன்று மடங்கு. மூன்று முறை பார்த்தேன்.

பி.ஹெச். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காரமான கரியைப் போட்டால் ஏற வேண்டும், இறங்கக் கூடாது. மீட்டர் பழசு. அளவு சரிபார்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன், அதே எண். மீட்டர் மிகவும் பழசு.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி மறுநாள். ஆறு வருடத்தில் முதன்முறையாக கோகிலாவின் அண்ணன் வீட்டில் ஆய்வைப் பற்றிக் கேட்டபோது எழுந்து கொல்லைப்பக்கம் போகாமல் உட்கார்ந்து பதில் சொன்னேன்.

டிசம்பர் 2, சனி

மேடம் வயலுக்கு வந்தார். பாத்தி பாத்தியாக நடந்து இலையைத் தடவிப் பார்த்தார். பாராட்டுவார் என்று பின்னாலேயே போனேன்.

"நல்லா இருக்கு வேலு. ரொம்ப நல்லா இருக்கு. மணிச்சத்து சரி. தழைச்சத்தும் ஏறியிருக்கே, பச்சை அடிக்குது பாருங்க. கரியில ஏது தழைச்சத்து?"

"மண்ணுல இருந்ததைப் பிடிச்சு வெச்சிருக்கும் மேடம்."

"பி.ஹெச். இறங்கினது?"

"மீட்டர்ல ஒரு சின்னக் கோளாறு மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பிடிக்காத பழக்கம் அது. "மூட்டையில மிச்சம் இருக்கா? போட்ட கரியையே ஒரு தடவை அனலைஸ் பண்ணிடுங்க. சூளையில எடுத்த சாம்பிள் இல்லை, போட்டது" என்றார்.

மிச்சம் ஒரு பை வண்டி டிக்கியில் கிடக்கிறது. பார்க்கலாம்.

டிசம்பர் 11, திங்கள்

அலுவலகத்தில் தணிக்கை. கரியைப் பார்க்க நேரமில்லை.

டிசம்பர் 20, புதன்

வண்டியில் ஆட்டு நாற்றம் அடிக்கிறது என்று கோகிலா ஏற மறுத்து பஸ்ஸில் போனாள். டிக்கியைக் கழுவி, பையை இரண்டு பாலித்தீன் கவருக்குள் போட்டுக் கட்டி லேப் அலமாரியில் வைத்தேன். ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் முடிந்தது.

ஜனவரி 5, வெள்ளி

கல்லம்பாளையத்தில் என் கரி பிரபலமாகிவிட்டது. வேளாண் துறையிலிருந்து வயல் விழா வைக்கிறார்களாம், 24-ஆம் தேதி. நான் பேச வேண்டும். பக்கத்துத் தோட்டத்து வெள்ளிங்கிரி காத்திருக்கவில்லை. சூளைக்குப் போய் இரண்டு டிராக்டர் கரித்தூள் சொல்லிவிட்டாராம், தைப்பட்ட மக்காச்சோளத்துக்கு. இன்னும் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஏனோ மதியம் சாப்பாடு இறங்கவில்லை. புளிக்குழம்பில் காரம் அதிகம்.

ஜனவரி 16, செவ்வாய்

பட்டிப் பொங்கல். மயிலாத்தா அக்கா விடாமல் கூப்பிட்டதால் போனேன். இங்கே மாட்டுப் பொங்கலைப் பட்டிக்குள்ளேயே வைத்துத்தான் கொண்டாடுவார்கள். இத்தனை வருடம் வந்துபோகிறேன், அந்தப் பட்டிக்குள் நான் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தரை கறுப்பு.

மண் இல்லை. கரி. விரலால் கிளறினேன். தொட்டிக்கரித்தூள், ஆட்டுப் புழுக்கையோடு மிதிபட்டு மெத்தை மாதிரி கிடந்தது. என் டிக்கியில் அடித்த அதே வாடை.

"அக்கா, இது என்னங்க?"

"உங்க கரிதானுங்க. மழையில பட்டி சேறாப் போச்சுன்னு போன்ல சொன்னனில்ல. குட்டிக்கு குளம்பெல்லாம் வெந்து போச்சு. நீங்கதான் கரியில கெடறதுக்கு என்னன்னு சொன்னீங்களே, நாலு மூட்டையும் கொட்டுனேன். கம்முனு காஞ்சுருச்சு. பதினாலு நாளு கெடந்துச்சு. நீங்க வாரீங்கன்னு சொன்னதும் சொரண்டி அள்ளி, பெரும் புழுக்கையப் பொறுக்கி, வெயில்ல கொஞ்சம் காட்டி, மூட்டைக்கு முப்பது நிறுத்திக் கட்டி வெச்சேன். அடியில ஒட்டுனது மட்டும் கெடக்குது. எங்கூட்டுல அரிசி கைமாத்து வாங்குனாக்கூட தலை தட்டித் தரமாட்டோமுங்க, குமிச்சுத்தான் தருவோம். ஒரு கிலோ கொறஞ்சுதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

குறையவில்லை. குறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எடுத்ததை எடுத்த அளவுக்குத் திருப்பித் தரும் நேர்மையில், என் மூன்று வருடத்தை ஆட்டு மூத்திரத்தில் ஊறப்போட்டு, சலித்து, நிறுத்து, கயிறு கட்டித் தந்திருக்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாள் இலையில் பொங்கல் வைத்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். சின்னச்சாமி அண்ணன் தலையாட்டினார்.

ஜனவரி 18, வியாழன்

அலமாரிப் பையை எடுத்துப் பார்த்தேன். சூளையிலிருந்து வந்தபோது பி.ஹெச். 9.4. பட்டியிலிருந்து வந்தது 7.7. தழைச்சத்து, மணிச்சத்து இரண்டும் ஏறிக் கிடக்கிறது.

என் மீட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை. எனக்கு இது இன்றுதான் தெரியும் என்று எழுத நினைத்தேன். முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்த பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரி 20, சனி

யோசித்துப் பார்த்தால் இதில் பொய் எதுவும் இல்லை. தொட்டிக்கரி போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். போட்டது தொட்டிக்கரிதான். விளைந்தது உண்மை. எண்கள் உண்மை. கரி மூன்று வாரம் எங்கே கிடந்தது என்று எந்த அத்தியாயத்திலும் யாரும் கேட்கப் போவதில்லை. இது தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் பேசமாட்டார், இன்னொருவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

பைண்டிங் கடையில் அட்டை நிறம் கேட்டார்கள். நீலம் என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

வெள்ளிங்கிரி போன் பண்ணினார். "சாரு, ரெண்டு லோடும் எறக்கியாச்சுங்க. வெள்ளிக்கிழமை ஓட்டி உட்டர்றோம். ஏக்கருக்கு எவ்வளவு போடோணுமுங்க?"

"வயல் விழாவுல சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அது வெறும் கரி. அதைச் சுண்ணாம்பு மண்ணில் போட்டால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. இரண்டு வருடம் பாத்தி கட்டிப் பார்த்திருக்கிறேன். ஏழு குடும்பம். கத்தரிப்பூ நிறத்தில் ஏழு தோட்டம். போட்ட கரியை மண்ணிலிருந்து திரும்பப் பொறுக்கவும் முடியாது.

உண்மையைச் சொன்னால் ஆய்வேடு போச்சு. பட்டம் போச்சு. மயிலாத்தா அக்கா என் கரியை எடுத்தார் என்று நாற்பது பேர் முன்னால் சொன்ன மாதிரியும் ஆகும். மேடம் சொன்னபடி டிசம்பரிலேயே அந்தப் பையைப் பிரித்திருந்தால் ஒரு விழாவும் இல்லை, ஒரு லோடும் இறங்கியிருக்காது. பிரிக்காதது யார் என்று இந்த நோட்டில் தேதி போட்டு நானே எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஜனவரி 24, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வயலோரம் பந்தல், நாற்பது நாற்காலி. ஃபிளெக்ஸில் என் போட்டோ, பெயருக்கு முன்னால் 'முனைவர்'. யார் போடச் சொன்னது என்று கேட்டால் எப்படியும் ஆகப்போகிறதுதானே என்கிறார்கள். முன் வரிசையில் மேடம். மயிலாத்தா அக்கா பட்டுச்சேலையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். நேற்று முழுக்க உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். யார் பெயரையும் சொல்லாமல், பழியை என் மேல் போட்டுக்கொள்வது.

"நீங்க பார்த்த பயிர் வெறும் கரியில வந்ததில்லைங்க. என் கவனக்குறைவு. நான் வெச்ச கரி ஒரு ஆட்டுப் பட்டியில பதினாலு நாள் கிடந்து கெட்டுப்போச்சு. அது தெரியாம நான் போட்டுட்டேன். சத்தெல்லாம் அந்தப் பட்டியிலிருந்து வந்தது. வெறும் கரியை நம்ம சுண்ணாம்பு மண்ணுல தயவுசெஞ்சு போடாதீங்க. இருக்கற விளைச்சலும் போயிரும். எனக்கு ரெண்டு வருஷம் போச்சு."

வெள்ளிங்கிரி எழுந்துவிட்டார். "அப்ப நான் எறக்கி வெச்சிருக்கறது?"

"ஓட்டாதீங்க."

"இத இன்னைக்குச் சொல்றீங்களே சாரு."

அவர் சொன்னது நியாயம். அப்போதுதான் டீத் தட்டை மேசையில் ணங்கென்று வைக்கும் சத்தம்.

"கெட்டுப் போச்சுன்னு யாரு சொன்னது?" மயிலாத்தா அக்கா. "சார் கரி எறக்கி வெச்சது எங்க சாளையில. பேரச் சொல்லாட்டி ஆருக்கும் தெரியாதுங்களா? நா எடுத்தேன், நாந்தேன் திருப்பிக் குடுத்தேன். சார் முன்னாலயே நிறுத்தேன். கெட்ட பொருளத் திருப்பிக் குடுக்கற குடும்பமாங்க நாங்க? அந்தக் கரியிலதான இத்தன வெளைஞ்சு நிக்குது?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லலைங்க..."

"கெட்டுப்போச்சுன்னுதான சொன்னீங்க."

சொன்னேன். அவரைக் காப்பாற்றத்தான் அந்த வார்த்தையைப் போட்டேன். திருடினார் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது போலிருக்கிறது. அவர் கண் கலங்கியிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர், "அது கெடக்கட்டும். எத்தன ஆடுங்கக்கா?" என்று கேட்டார். பதினொன்று என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எவ்வளவு கனம் பரப்பினீர்கள், தண்ணீர் தெளித்தீர்களா, எத்தனை நாளில் வாடை மாறியது என்று நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பிவிட்டன. நான் மைக்கை அணைத்துவிட்டு, மேடத்திடம் ஒரு பேனா வாங்கி அக்கா சொல்வதை எழுத ஆரம்பித்தேன். ஒரு கேள்விக்குக்கூட அவர் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

காரில் வரும்போது மேடம் நான் எழுதியதை வாங்கிப் படித்தார். பிறகு, "ஆறு வருஷத்துல நீங்க கொண்டுவந்ததுலயே நம்பக்கூடிய விஷயம் இதுதான்" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்து, "ஆனா இது ஒரு சீசன், அதுவும் தற்செயல். திரும்பச் செஞ்சு காட்டாம நான் கையெழுத்துப் போட முடியாது வேலு. உங்களுக்கு டைம் இல்லை. எனக்கும் இல்லை, ஜூன்ல ரிட்டயர் ஆகறேன்" என்றார்.

தெரியும் மேடம் என்றேன்.

ஜனவரி 30, செவ்வாய்

அறுவடை. மயிலாத்தா அக்கா வயல் பக்கம் வரவில்லை. சின்னச்சாமி அண்ணனிடம் "அக்கா இன்னும் கோபமா இருக்காங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

பிப்ரவரி 10, சனி

நீல அட்டை வேண்டாம் என்று பைண்டிங் கடைக்குச் சொல்லிவிட்டேன். கோகிலாவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்பிட வாங்க" என்றாள். திட்டியிருக்கலாம். இரண்டு தோசைக்கு மேல் முடியவில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகக் கவுன்டர் மூடியிருப்பார்கள். நான் லேபில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழுதேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வெள்ளிங்கிரி போன். இன்னும் என் மேல் கோபம்தான், குரலிலேயே தெரிந்தது.

"சாரு, எம்பட ஆடு ஒம்பதுதான். கரியக் கொட்டிப் பதினாலு நாளாச்சு. மயிலாத்தக்கா வந்து மோந்து பாத்துட்டு இன்னும் நாலு நாளு உடுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குத் தெரியாது. ஆடு குறைந்தால் நாள் எத்தனை கூடும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எப்போதும் ஏதாவது ஒரு பதிலை எடுத்துவிடுவேன். இன்று, "தெரியலைங்க" என்றேன்.

"தெரியலைன்னா? வந்து பாத்துச் சொல்லுங்க. கரி எறங்கியாச்சு, வெதை வாங்கியாச்சு. இப்பப் போய் தெரியலைங்கறீங்க." வைத்துவிட்டார்.

எனக்கு என்ன வந்தது என்று இருக்கலாம்தான். பட்டம் இல்லை, பதிவு இல்லை, வழிகாட்டியும் இல்லை. அதையெல்லாம் சொல்லிச் சொல்லி மேசையைத் துடைத்தேன். பிறகு போய் மீட்டரை வெளியே எடுத்துப்போகும் அனுமதிப் படிவத்தை எடுத்தேன். பெயர், பதவி, தேதி நிரப்பினேன். 'நோக்கம்' என்று ஒரு கட்டம். ஆறு வருடமாக அதில் 'ஆய்வு' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்றோடு அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை.

கால் மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், 'வெள்ளிங்கிரியின் ஆட்டுப் பட்டி' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை போகிறேன்.